சுற்றுலாப் பக்கத்தில் இடம்பெறாத திம்புள்ள

"மாமா, எங்களுக்குப் பதினான்கு நாட்கள் இருக்கின்றன. பிள்ளைகள் கடலையும் பார்க்க வேண்டும், மலையையும் பார்க்க வேண்டும், நகரங்களையும் பார்க்க வேண்டும். எங்கெங்கே போகலாம் என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுத் தாருங்கள்."

2024 மே மாதம் ரொறன்ரோவிலிருந்து என் அக்காவின் மகள் இப்படிக் கேட்டாள். வெளிநாட்டில் வாழும் உறவினரும் நண்பர்களும் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. பத்திரிகையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவனுக்கு நாட்டின் எல்லா மூலைகளும் தெரிந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வருவதில்லை.

இலங்கையில் விடுமுறைக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது ஹிக்கடுவை, காலிப் பக்கத்துக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், நீந்த உகந்ததன்று. மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் மழை விடாது பெய்யும். அதே மாதங்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரிவரை நிலைமை தலைகீழாகும். வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கில் மழையைக் கொட்ட, தெற்கும் மேற்கும் தெளிந்திருக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் பாடசாலை விடுமுறையோடு வருகிறவர்களுக்குக் கிழக்குக் கரை. நத்தாருக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்களுக்குத் தெற்குக் கரை. கண்டிப் பெரஹெரா நடக்கும் நாட்களில் அங்கே அறை கிடைப்பது அரிது. ஏப்ரலில் நுவரெலியாவிலும் அப்படித்தான்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, ஜூலையில் வரும் அவளுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். கொழும்பு 2 நாள், கண்டி 2, நுவரெலியா 3, திருகோணமலை 4, யாழ்ப்பாணம் 3. கணக்குச் சரியாக வந்தது. மறுநாளே பதில் வந்தது. ஒரே ஒரு வரிதான்.

"அம்மா பிறந்த இடம் இதில் இல்லையே, மாமா?"

அவளுடைய அம்மாவும் நானும் பிறந்தது திம்புள்ள வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில். திம்புள்ள என்றால் ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என நாலாயிரம் அடி உயரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் பரந்து கிடக்கும் தேயிலை நாடு. உலகத் தேயிலை வியாபாரிகளுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். ஜனவரி முதல் மார்ச்வரை அங்கே வீசும் உலர்ந்த குளிர்காற்றில் பறிக்கப்படும் கொழுந்துக்குத்தான் மணம் அதிகம். மலைத்தொடரின் மறுபுறத்திலுள்ள ஊவாவுக்கோ ஜூலை முதல் செப்டம்பர்வரை வீசும் கச்சான் காற்றில்தான் நல்ல காலம். எந்தக் கடலில் எப்போது குளிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதே இரண்டு காற்றுகளே எந்த மலையின் தேயிலை எப்போது சிறக்கும் என்பதையும் தீர்மானிக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த நான், பிறந்த மண்ணைப் பட்டியலில் சேர்க்க மறந்தது ஏன்? மழைக்காலம் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் நுவரெலியாவிலும் அப்போது மழைதான். நுவரெலியாவை எழுதிய கை திம்புள்ளயை எழுதவில்லை.

யோசித்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. ஞாயிறு மலரில் சில ஆண்டுகள் சுற்றுலாப் பக்கத்தைத் தயாரித்தவன் நான். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் நிலாவெளியும் அதில் மாறி மாறி வந்தன. திம்புள்ள ஒரு முறைகூட வரவில்லை. அது எப்போதும் செய்திப் பக்கத்தில்தான் வந்தது: சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தது, லயம் தீப்பற்றியது, மண்சரிவில் குடும்பம் புதைந்தது, வேலைநிறுத்தம் தொடங்கியது. துன்பம் நேரும் இடமாகவே அந்த ஊரை வாசகர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காட்டியிருக்கிறேன். யாரும் விரும்பிப் போகக்கூடிய இடமாக அது எனக்கே தோன்றவில்லை.

பட்டியலைத் திருத்தினேன். கொழும்பில் ஒரு நாளும் நுவரெலியாவில் ஒரு நாளும் குறைத்துத் திம்புள்ளைக்கு இரண்டு நாள் வைத்தேன். நானும் உடன் வருவதாகச் சொன்னேன்.

ஜூலை நடுப்பகுதியில், கோட்டை ரயில் நிலையத்தில் அதிகாலை ரயிலேறினோம். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். இலங்கையின் மிக நீளமான ரயில் சுரங்கம் அது. இருட்டில் பிள்ளைகள் கூவினார்கள். நாங்களும் அந்த வயதில் அங்கே கூவியவர்கள்தாம். கொட்டகலை கழிந்ததும் தூரத்தில் டெவன் அருவியும் பின்னர் சென்கிளயர் அருவியும் தெரிந்தன. சென்கிளயருக்கு மேலே தலவாக்கலையில் அணை கட்டி 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் திட்டத்தை 2012இல் இயக்கினார்கள். அதன்பின் அந்த அருவிக்கு அளந்துதான் தண்ணீர் விடப்படுகிறது. மழைக்காலமானபடியால் அன்று ஓரளவு நிறைவாகவே விழுந்துகொண்டிருந்தது.

தலவாக்கலை நிலையத்தில் இறங்கியபோது எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. 1884இல் ஹட்டன்வரையும் 1885இல் நானுஓயாவரையும் இந்தப் பாதையைப் போட்டவர்களின் நோக்கம் தேயிலையும் கோப்பியும் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும் என்பதே. எங்கள் தலைமுறைக்கோ இது மனிதர்களை வழியனுப்பிய பாதை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவானது. மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. என் சித்தப்பா குடும்பம் 1972இல் இதே மேடையில்தான் ரயிலேறியது. பெட்டிக்குள் இருந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் ஒரே குரலில் அழுதார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென்றே 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. ஊட்டிக்குக் கோடை விடுமுறை போகிற அன்பர்கள் அந்தச் சரிவுகளைக் கடந்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தின் ஒரு பாதி நுவரெலியாவுக்கு அருகிலும் மறு பாதி ஊட்டிக்கு அருகிலும் கொழுந்து பறித்தது. இரண்டுமே பிறருடைய கோடை வாசஸ்தலங்கள்.

அக்கா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து பிள்ளைகள் கனடா போனார்கள். 2022இல் ரொறன்ரோவில் அக்கா கண்ணை மூடும்வரை இந்த மலைக்கு அவள் திரும்பி வரவேயில்லை.

நாங்கள் பிறந்த லயம் அப்படியே இருந்தது. அப்படியே இருந்தது என்று எழுதும்போது அதில் பெருமை ஒன்றுமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னே ஒடுங்கிய திண்ணை, தகரக் கூரை. அப்போது அங்கே குடியிருந்த பெண்மணிக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. விபரம் சொன்னதும் பாயை உதறி விரித்தார்.

"மழையில வந்திட்டீங்க. சாயம் குடிக்காமப் போகக் கூடாது" என்றார்.

பால் இல்லாத தேயிலைச் சாயமும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார். சீனியை நக்கிக்கொண்டு சாயத்தைக் குடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு நான் காட்டிக் கொடுத்தேன். பத்து வயதுப் பேத்திக்கு அது பெரும் விளையாட்டாகிவிட்டது. பதினான்கு வயதுப் பேரன் மட்டும், மூலையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்திருந்த பானையைப் பார்த்தபடி இருந்தான். கழிவறை எங்கே என்று பேத்தி கேட்டபோது, அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு வெளியே அழைத்துச் சென்றார். என் மருமகள் ஒன்றும் பேசாமல் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று நாட்சம்பளம் 1,000 ரூபாய். 1,700 ஆக்குவதாக வந்த வர்த்தமானி அறிவித்தலை அந்த மாதத்தில்தான் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியிருந்தது. பின்னர் செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது.

மாலையில் அதே தோட்டத்தின் பழைய துரை பங்களாவுக்குப் போனோம். இப்போது அது விடுதி. சிறுவனாக இருந்தபோது, கணக்கப்பிள்ளை கொடுத்த கடிதத்தோடு அதன் பின்வாசல்வரை ஒரு முறை போயிருக்கிறேன். முன்வாசல் எப்படியிருக்கும் என்று எழுபது கடந்த பிறகுதான் பார்த்தேன். மாலைத் தேநீருக்கு ஒருவருக்கான கட்டணம் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். மனத்துக்குள் ஒரு கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டேன், கசப்பான கட்டுரை.

தட்டை வைத்த இளைஞர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஐயா எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்தது. அவரும் அங்கேதான், கீழ் லயம்.

"எங்கம்மா இன்னமும் மலைக்குத்தான் போறாங்க. நான் இங்க வந்து நாலு வருசமாச்சுங்க. இந்த வேலை இல்லைன்னா கொழும்புல ஏதாவது கடையிலதான் நின்னுக்கிட்டிருப்பேன். இங்கன்னா ராத்திரிக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

என் கட்டுரை பாதியில் நின்றது. அந்தக் கட்டணம் நியாயம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கண்டு கோபித்துத் திரும்பினால், அந்த இளைஞர் தாயைப் பிரிந்து கொழும்புக்குப் பேருந்தேற வேண்டியிருக்கும். இரண்டும் ஒருங்கே உண்மை. கண்டியிலிருந்து நுவரெலியாவரை இப்போது 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை இந்த வட்டாரத்தினூடாகவும் போகிறது. கொழுந்து கொண்டுபோவதற்காக வெட்டப்பட்ட பழைய தோட்டப் பாதைகள் பல அதில் சேர்ந்திருக்கின்றன. அதில் நடப்பவர்கள் தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்து, தோட்டத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டால், அந்தப் பணம் லயத்துக்கே போய்ச் சேரும்.

மறுநாள் நுவரெலியா, பின்னர் கண்டி வழியாகத் திருகோணமலை. கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து, நிலாவெளியில் பிள்ளைகள் நாள் முழுவதும் கடலில் கிடந்தார்கள். யாழ்ப்பாணமும் போய்த் திரும்பி, விமான நிலையத்தில் விடைபெறும்போது, எது பிடித்தது என்று பேரனைக் கேட்டேன். "கடல்" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்வான்? எனக்குச் சற்றே ஏமாற்றந்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகமெங்கும் சரிவுகள் பெயர்ந்தன. நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அந்த இரவுகளில் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவன் பேரன்.

"தாத்தா, அந்தச் சீனி குடுத்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இரண்டு நாள் முயன்று விடுதி இளைஞர் மூலம் விசாரித்தேன். லயத்துக்கு மேலே மண் வெடித்திருந்ததால் எல்லோரையும் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அம்மா நலம். செய்தியைச் சொன்னேன். மருமகள் அன்றே அவருக்குப் பணம் அனுப்ப வழி கேட்டாள்.

திம்புள்ளயின் மண்சரிவுகளைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றைப் படித்தாவது யாரும் இப்படித் தொலைபேசியை எடுத்ததாக எனக்குத் தெரியாது. ஓர் உள்ளங்கைச் சீனி அதைச் செய்தது.

அண்மையில் இலண்டன் நண்பர் ஒருவர் வழக்கம்போலப் பட்டியல் கேட்டார். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரச் சொன்னேன். மழை ஓய்ந்திருக்கும், தேயிலை மணக்கும், சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் அதுதான். ரயில் எதுவரை ஓடுகிறது, எந்தச் சரிவில் ஆபத்து அறிவிப்பு இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் புறப்படச் சொன்னேன். கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்குமுன் அவர்களிடம் கேட்கவும், லயத்துக்குள் அழைப்பின்றி நுழையாதிருக்கவும், அழைத்துச் சாயம் கொடுத்தால் மறுக்காதிருக்கவும் சொன்னேன்.

பட்டியலின் முதல் வரியை இப்படி எழுதினேன்: திம்புள்ள, 2 நாள்.