கட்டாத ஒட்டகம்

2015ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில், 1924ஆம் ஆண்டு 'மாடல் டி' ஃபோர்டு வண்டி ஒன்று எங்கள் கண்ணில் பட்டது. மேற்கூடு மக்கி உதிர்ந்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தவை இரும்புச் சட்டமும், எஞ்சினும், அச்சுகளும், மரக்கால் சக்கரங்களும்தாம். பிழைப்பை நாடி டெட்ராய்ட் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த நண்பர்கள் நால்வர், ஆளுக்கொரு பங்கு போட்டு அதை வாங்கினோம்.

அவ்வண்டியின்மீது எங்களுக்கு ஓர் உறவு உணர்ச்சி இருந்ததற்குக் காரணம் உண்டு. 1908 முதல் 1927 வரை இவ்வகை வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் உருவாயின. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில், 1913இல், வண்டி நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே வேலை செய்யும் முறை வந்தது. 1914இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்ற அறிவிப்பு வந்ததும், பல நாட்டுத் தொழிலாளர் அங்கே திரண்டனர். சிரியா, லெபனான் பகுதி முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். 1921இல் அவ்வூரில் ஒரு பள்ளிவாசலே எழுந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும், இவ்வண்டியின் ஏதோ ஒரு திருகாணியை நம் சகோதரர் ஒருவர் முடுக்கியிருக்கக் கூடும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

மேற்கூடு இல்லாத வண்டியை என்ன செய்வது? அந்நாளைய இளைஞர்கள் வழிகாட்டியிருந்தார்கள். பழைய 'டி' வண்டியின் பாரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, இருவர் மட்டும் அமரும் விரைவு வண்டியாக அதை மாற்றுவார்கள். அதற்கு 'ஸ்பீட்ஸ்டர்' என்று பெயர். எஞ்சினின் ஆற்றல் இருபது குதிரைத் திறன்தான். அதைக் கூட்ட நாங்கள் முயலவில்லை. ஆகவே சுமையைக் குறைத்தோம். கதவில்லை, கூரையில்லை. இருக்கைகளைச் சட்டத்தோடு ஒட்டித் தாழ்த்தினோம். அதற்கேற்பச் சுக்கானின் தண்டையும் சாய்த்தோம். பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பு இவ்வண்டியில் கிடையாது. மேலிருந்து தானாக வடிய வேண்டும். செங்குத்தான மேட்டில் எண்ணெய் எஞ்சினுக்கு எட்டாமல், வண்டியைப் பின்புறமாக ஓட்டி ஏறியவர்கள் அக்காலத்தில் உண்டு. எனவே உருண்டையான தொட்டி ஒன்றை இருக்கைகளுக்குப் பின்னே உயர்த்திப் பொருத்தினோம். இரண்டு குளிர்காலங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரே பாயில் தொழுது, ஒரே சஹனில் உண்டு, ஒரே வண்டியின்கீழ்ப் படுத்திருந்த நாட்கள் அவை.

எங்களுள் மூத்தவரை நாங்கள் காக்கா என்றே அழைப்போம். நோன்பு பிறந்த வேளையில் அவர் சொன்னார்: "தம்பிமார்களே, பின் அச்சை இன்னும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் வளையங்களை மாற்றாமல் சாலையில் இறக்கக் கூடாது."

அவர் சொன்னதன் பொருள் இதுதான். பின் அச்சினுள்ளே பெரிய பல்சக்கரம் விலகிவிடாமல் தாங்குவதற்கு, பாபிட் என்னும் மென்மையான உலோகத்தாலான வளையங்கள் உண்டு. அவை தம் காலத்தில் நன்றாகவே உழைத்தவை. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் பொடிந்து போகும். பொடிந்தால் பல்சக்கரம் விலகும். எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இருந்த தொடர்பு அறும். இவ்வண்டியின் கால் பிரேக்கோ சக்கரத்தில் இல்லை. எஞ்சினை ஒட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. தொடர்பு அறுந்தால் பிரேக்கும் போயிற்று. ஆகவே வெண்கல வளையங்களை இடுவது இவ்வண்டியை அறிந்தவர் எல்லாருக்கும் முதற்பாடம்.

அச்சைப் பிரித்து மாட்ட ஒரு வாரம் ஆகும். எங்களுக்கோ பெருநாளன்று பிள்ளைகளை ஏற்றிப் பவனி வரும் ஆசை. "பெருநாள் கழியட்டும், காக்கா. அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றோம். காக்கா எங்களை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

2017 ஜூன் 24. மறுநாள் பெருநாள். அஸர் தொழுதுவிட்டு வெள்ளோட்டம் விட்டோம். எங்களைத் தனியே விட மனமின்றிக் காக்காவும் ஏறி அமர்ந்தார். ஓட்டியவர் யாரென்று எழுதுவது முறையன்று. கை ஒருவருடையது, அவசரம் எல்லாருடையதும். இறக்கம் ஒன்றில் முப்பது மைல் வேகத்தில் போகும்போது பின்னால் நறநறவென்று ஓர் ஓசை. எஞ்சின் வீணே அலறியது. மிதித்த பிரேக்கில் பிடிப்பில்லை. கைப்பிடி பிரேக்கை இழுத்தால், தேய்ந்த இரும்பின்மேல் இரும்பு வழுக்கியது. வண்டி வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி, முழங்கால் உயரச் சோளப் பயிருக்குள் சாய்ந்தது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு. காக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மக்ரிப் நேரம் மருத்துவமனையில் வந்தது. பேரீச்சம்பழத்தை நாங்கள்தான் அவர் வாயில் வைத்தோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மெல்லிய குரலில், "நாளைக்கு இந்த இடத்தில் பிள்ளைகளல்லவா உட்கார்ந்திருப்பார்கள்" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு எங்களில் எவருக்கும் உறக்கம் இல்லை. காலையில் தக்பீர் முழங்கியபோது, புத்தாடை அணிந்து நின்ற பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதை மதரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். ஆனால் கட்டும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கள் சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டினோம். அல்லாஹ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் முன்னதாகவே வளையத்தைப் பொடியாக்கிக் காட்டினான். அதை அவனுடைய கருணை என்றே இன்றும் நம்புகிறோம். அந்தக் கருணைக்குரிய விலையை, தவறு செய்யாத ஒருவர் தம் எலும்பால் கொடுத்தார் என்பதையும் மறக்கவில்லை.

அச்சைத் திறந்தபோது, வளையங்கள் கறுத்த எண்ணெயில் துண்டு துண்டாகக் கிடந்தன. வெண்கல வளையங்கள் இட்டோம். பின்சக்கரங்களில், எஞ்சினைச் சாராத தனி பிரேக் அமைத்தோம். தோள் ஆறியபின் ஒவ்வொரு திருகாணியையும் காக்கா தம் கையால் சோதித்தார். அவர் தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போனோம்.

2018 ஜூன் 15, வெள்ளிக்கிழமை, நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்ததும் வண்டியைப் பள்ளிவாசல் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். சுக்கானைக் காக்காவிடமே கொடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அமர்த்தி முற்றத்தைச் சுற்றி வந்தார், நடப்பவரும் கூடவே வரக்கூடிய வேகத்தில். விரைவு வண்டி ஏன் இப்படி ஊர்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டான். காக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. "முதலில் இதைப் பார்த்துக்கொள், வாப்பா" என்றார்.