அறுபத்து நாலுக்கு ஐம்பத்து நாலு

சாகுபுரத்தில் காற்றே இரும்பைத் தின்னும். ஒரு பக்கம் ஆறுமுகநேரி உப்பளம், மறுபக்கம் காயல்பட்டினத்துக் கடல், நடுவில் நாங்கள் டி.சி.டபிள்யூ என்று சொல்லும் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ். சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய காலனி எங்களுடையது. புது சைக்கிளின் ரிம்மில் கூட ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துரு புள்ளி வைத்துவிடும். அந்த ஊரில், எண்பதுகளின் நடுவில், பம்பாயிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு எஞ்சினியர் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமா.

வண்டி வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். புல்லட்டின் நிதானமான இடி வேறு. இது நின்றபடி இருக்கும்போது ‘டிங் டிங்’ என்று தட்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் அந்தத் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இழையாகக் கிழியும். காலனி கேட் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் திரும்பியதும் அந்த இழை உயர்ந்துகொண்டே போகும். அது தேய்ந்து மறையும்வரை நாங்கள் விளையாட்டை நிறுத்திவைப்போம்.

யமஹாவின் ஆர்.டி. 350 ஜப்பானில் 1973-ல் வந்த வண்டி. அதை 1983-லிருந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே செய்தது. மாமாவிடம் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று உண்டு. அதில் யார்னோ சாரினென் என்ற ஃபின்லாந்துக்காரரின் படம் இருந்தது. 1973-ல் அமெரிக்காவின் டேட்டோனா 200 மைல் பந்தயத்தில், 750 சி.சி. வண்டிகளுக்கு நடுவே 350 சி.சி. யமஹாவை ஓட்டி ஜெயித்தவர். அதே ஆண்டு மே மாதம் மோன்சாவில் பந்தயத்திலேயே இறந்துபோனார். அந்தப் பக்கத்தை மாமா வேகமாகப் புரட்ட மாட்டார்.

"அந்த வண்டி டி.இசட். 350. ஃபேக்டரியிலேயே பந்தயத்துக்குன்னு செஞ்சது. லைட்டு கிடையாது, ஹார்ன் கிடையாது, கிக்கர் கூடக் கிடையாது, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். நம்ம வண்டி அதோட தம்பி" என்பார்.

தம்பி என்றால் எப்படி என்று எனக்குக் காட்டியவர் ஆறுமுகநேரி பஜாரில் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி. வண்டி அவரிடம் போகும்போதெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். ஹெட்டைக் கழற்றி, இரண்டு சிலிண்டரையும் உருவிச் சாக்கின் மேல் வைப்பார். மண்ணெண்ணெயில் கழுவிய பிஸ்டனை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். பிஸ்டனின் விட்டம் 64 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 54. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 347 சி.சி. பந்தய டி.இசட்டுக்கும் அதே 64, அதே 54 என்று மாமா சொன்ன அன்று நான் அந்தப் பிஸ்டனைக் கீழே வைக்கவே இல்லை.

அளவு ஒன்றுதான், சக்தி ஒன்றல்ல. டி.இசட். சுமார் 60 குதிரை இழுக்கும். அதைத் தண்ணீர்தான் குளிரவைக்கும், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ரோட்டுக்கு வந்த ஆர்.டி.க்குக் காற்றே போதும். ஆயிலைத் தனி பம்ப் ஊட்டும், கார்பரேட்டருக்கு அடுத்து ரீட் வால்வு இருக்கும். ஜப்பானில் அதற்கு 39 குதிரைசக்தி. இங்கே வந்தபோது நம் பெட்ரோலுக்காகவும் மைலேஜுக்காகவும் அதை முப்பதரைக்கு இறக்கினார்கள். பிறகு வந்த லோ டார்க் மாடலில் 27 ஆனது. ஜப்பான் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கையும் இங்கே எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். வண்டியின் வேகத்துக்கு அந்த பிரேக் பற்றாது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் என் குறை.

அண்ணாச்சி சிலிண்டருக்குள் விரலை விட்டுக் காட்டுவார். "ஏல, இந்தப் புகை போற ஓட்டையைப் பாத்தியா? இத ரெண்டு மில்லி ஒசத்தி அராவினா வண்டி பறக்கும். ஆனா கீழ இழுவை செத்துரும். மாட்டு வண்டிக்கும் உப்பு லாரிக்கும் நடுவுல எங்கலே பறக்க?" பந்தய எஞ்சினுக்கும் தெரு எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக நான் பின்னால் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஒரு வருஷம் மாமா சோழவரம் பந்தயத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். ஆறுமுகநேரியில் பாசஞ்சர், திருநெல்வேலியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்திவந்தது. வெயிலும் புழுதியும் எரிந்த ஆயில் வாசனையுமாக ஜனக்கூட்டம். ஹெட்லைட்டைக் கழற்றி நம்பர் பலகை மாட்டிய ஆர்.டி.கள் வரிசையில் நின்றன. கொடி இறங்கியதும் அத்தனையும் சேர்ந்து எழுப்பிய சத்தம் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. எங்கள் திருச்செந்தூர் ரோட்டில் தனியாகக் கேட்ட அதே குரல்தான். மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தபடி, எந்த வண்டியில் அண்ணாச்சி காட்டிய அந்த ஓட்டையை, அதாவது போர்ட்டை, அராவியிருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

எண்பதுகள் முடியும்போது ராஜ்தூத் 350-ம் முடிந்துபோனது. லிட்டருக்கு இருபதைச் சுற்றிக் கொடுத்த வண்டியை, சிக்கனமான நூறு சி.சி. வண்டிகளின் காலத்தில் யார் வாங்குவார்? 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. மாமா மாற்றலாகிப் போகும்போது வண்டியையும் லாரியில் ஏற்றினார். அதற்கு முந்தின இரவு அண்ணாச்சி வந்து, உப்புக் காற்றில் இத்தனை வருஷம் காப்பாற்றிய சைலன்சர் இரண்டையும் ஆயில் துணியால் துடைத்துச் சாக்கு சுற்றிக் கட்டினார்.

இப்போது ஆர்.டி.க்குக் கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கிறது. வாங்குகிற பிள்ளைகள் பலர் முதலில் செய்வது, அந்த சைலன்சரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பந்தய சேம்பர் மாட்டுவதும் போர்ட்டை அராவுவதும்தான். வேண்டாம், தம்பிகளா. அராவிய சிலிண்டருக்குப் பழைய உருவம் திரும்பாது. கம்பெனி செய்த அந்த சைலன்சர் இனி கடையிலும் வராது. டி.இசட். எப்படி ஓடும் என்பதற்கு உலகத்தில் சாட்சி நிறைய உண்டு. அதை மாட்டு வண்டிக்குப் பின்னால் பொறுமையாகப் போகப் பழக்கியது எப்படி என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி, கை படாத இந்தச் சில ராஜ்தூத்துகள்தான்.