பனி உட்காரும் திண்ணை

கலிஃபோர்னியா என்றதும் பலருக்கும் கடற்கரையும் ஹாலிவுட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிழக்கு நோக்கி மூன்றரை மணி நேரம் காரில் போனால் வேறொரு கலிஃபோர்னியா எதிர்ப்படும். சியரா நெவாடா மலைத்தொடரில், சுமார் 5,800 அடி உயரத்தில் இருக்கும் சிற்றூர், ட்ரக்கி. பைன் மரக்காடு, பழைய ரயில் நிலையம், அரை மணி நேரத் தொலைவில் தாஹோ ஏரி. கோடையில் இங்கு வருகிறவர்கள் பனி என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

ஊர் மறப்பதில்லை. ஊருக்கு வெளியே டானர் நினைவுப் பூங்காவில் ஒரு சிலை நிற்கிறது. அதன் கல் பீடத்தின் உயரம் 22 அடி. 1846-ல் மாட்டு வண்டிகளில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து வந்த 80-க்கும் மேற்பட்டோர் இங்கே பனியில் சிக்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்துப் பனியின் உயரத்தைக் காட்டத்தான் 22 அடி பீடம்.

மலை உச்சியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வகம் 1946 முதல் கணக்கு வைத்திருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் அங்கே விழுந்த பனி மொத்தம் 754 அங்குலம். அவ்வளவும் ஒரே நேரத்தில் கிடந்ததில்லை என்றாலும், சேர்த்துப் பார்த்தால் ஆறு மாடி உயரம்!

இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு 'டெக்' இருக்கிறது.

திண்ணை மாதிரி, ஆனால்...

டெக் என்பது வீட்டை ஒட்டி, தூண்கள்மேல் மரப்பலகை பரப்பிக் கட்டும் திறந்தவெளித் தளம். நம் ஊர்த் திண்ணையும் மொட்டை மாடியும் சேர்ந்தது மாதிரி. கோடையில் காபி, அரட்டை, பிறந்தநாள் விருந்து எல்லாம் அங்கேதான். ஆனால், வருடத்தில் பல மாதங்கள் அதில் உட்காருவது மனிதர்கள் இல்லை, பனி.

பஞ்சு போல விழுகிற பனிக்கு என்ன எடை என்று தோன்றும். இந்த மலைப் பனி ஈரம் மிகுந்தது. 'சியரா சிமென்ட்' என்றே அதற்குப் பட்டப்பெயர். விழுந்து அமுங்கிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ வரை இருக்கும். 12 அடிக்கு 16 அடி டெக்கில் மூன்றடி உயரத்துக்கு அப்படிப் பனி கிடந்தால், எடை கிட்டத்தட்ட 5 டன். ஒரு பெரிய யானை மாதக்கணக்கில் நகராமல் படுத்துக் கிடப்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் சாதாரண டெக்கை ஒரு சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கும்படி கட்டுவது வழக்கம். பனி மலையில் அந்தக் கணக்கு உதவாது. அதனால் தூண்கள் நெருக்கமாக நிற்கும், உத்திரங்கள் பருமனாக இருக்கும். டெக்கை எந்தப் பக்கம் கட்டுவது என்பதும் முக்கியம். சரிவான கூரையில் சேரும் பனி ஒருநாள் மொத்தமாகச் சறுக்கி விழும். அது விழும் பக்கத்தில் டெக் இருந்தால், எவ்வளவு கனமான பலகைக்கும் ஆபத்து.

உண்மையான எதிரி தண்ணீர்

எடையைவிட மோசமானது தண்ணீர். பகலில் உருகி இடுக்குகளில் இறங்கும்; இரவில் உறையும்போது 9 சதவிகிதம் பெருகி, மரத்தையும் கான்கிரீட்டையும் பிளக்கும். தூணுக்குக் கீழே ஈர மண் உறைந்தால் தூணையே மேலே தூக்கிவிடும். அதனால்தான் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போடுகிறார்கள்.

டெக் இடிந்து விழும் விபத்துகளில் அடிக்கடி கைவிடுவது ஒரே இடம்தான்: வீட்டுச் சுவரோடு டெக்கைச் சேர்க்கும் நீளச் சட்டம். வெறும் ஆணியில் அதை மாட்டியிருந்தால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். துத்தநாகம் பூசிய கனமான போல்ட் வேண்டும். சட்டத்துக்கு மேலே, தண்ணீர் சுவருக்குள் புகாமல் வழிந்தோட மடித்த உலோகத் தகடு வேண்டும். அந்தத் தகடு இல்லாவிட்டால் சுவரும் சட்டமும் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

பலகைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விடுவதும் தண்ணீர் தேங்காமல் இருக்கத்தான். மரப்பலகை ஈரத்தில் அகலவாக்கில் உப்பும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போசிட் பலகையோ வெயிலில் நீளவாக்கில் நீளும். இது தெரியாமல் நெருக்கி அடித்தால் இரண்டுமே வளையும்.

பனி போனால் நெருப்பு

கோடையில் வேறு கவலை, காட்டுத்தீ. 2021-ல் கால்டோர் தீ நெருங்கியபோது தாஹோ ஏரியின் தென்கரை ஊரையே காலி செய்தார்கள். காற்றில் பறந்து வரும் ஒரு தீப்பொறி, பலகை இடுக்கில் காய்ந்து கிடக்கும் பைன் ஊசி இலைகளில் விழுந்தால் போதும். அதனால் இலைகளைக் கூட்டித் தள்ளுவதும், டெக்குக்கு அடியில் விறகு அடுக்காமல் இருப்பதும் இங்கே கோடைக்கால வீட்டு வேலை.

குளிர்காலத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. இரும்பு மண்வெட்டி பலகையைக் கீறும். பிளாஸ்டிக் மண்வெட்டியால் பலகை ஓடும் திசையிலேயே தள்ள வேண்டும். அள்ளிய பனியை ஒரே மூலையில் குவித்தால் எடை முழுவதும் அங்கேயே இறங்கும். உப்புத் தூவினால் பனி உருகும், போல்ட்டும் துருப்பிடிக்கும்.

ட்ரக்கியில் பல வீடுகள் விடுமுறைக்கு மட்டும் ஆள் வருபவை. குளிர்காலம் முழுக்கப் பனி சுமந்த டெக் சத்தமில்லாமல் பலவீனமாகியிருக்கும். அது அப்போதே விழுந்தால்கூட யாருக்கும் காயம் இருக்காது. ஆனால் ஜூலையில் இருபது பேர் கேக் வெட்ட ஏறி நிற்பார்கள், குழந்தைகள் குதிப்பார்கள். ஆபத்து அப்போதுதான்.

அதனால் பனி உருகியதும் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் முதல் வேலை, நாற்காலி போடுவது இல்லை. டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக டெக்குக்கு அடியில் குனிந்து போவது. சட்டத்தில் குத்திப் பார்த்தால் மெத்தென்று இறங்குகிறதா? போல்ட்டிலிருந்து துருக்கறை வழிந்திருக்கிறதா? சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் அந்த வருட விருந்து தோட்டத்தில்தான்.

எல்லாம் சரியாக இருந்தால் நாற்காலிகள் மேலே ஏறும், காபி வரும். எதிரே பைன் காட்டுக்கு மேல், உருகாத பனி இன்னும் கொஞ்சம் மலை முகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.