டாட்ரி: ஒரு பெயரடையின் பிறப்பு

‘டாட்ரி’ என்ற ஆங்கிலப் பெயரடை, கண்ணைப் பறிக்கும் பகட்டும் தரக்குறைவும் ஒருங்கே சேர்ந்த பொருளைக் குறிக்கும். விலை குறைந்த எளிய பருத்திச் சேலை டாட்ரி ஆகாது. பொன்னாக மினுக்கிச் சில நாளில் கறுத்துவிடும் நகை ஆகும். அகராதிகள் ‘மலிவான’ என்று எழுதி முடித்துக்கொள்வது பாதிப் பொருளைத் தொலைப்பதாகும்.

சொல்லின் வேர் ஒரு துறவியின் பெயர். கிழக்கு ஆங்கிலிய அரச குலத்தில் பிறந்த எதெல்திரித், 673இல் இங்கிலாந்தின் ஈலியில் மடம் நிறுவி, 679இல் இறந்தார். இறுதி நாளில் கழுத்தில் வந்த கட்டியை, இளமையில் அணிந்த கழுத்தணிகளுக்கான தண்டனையாக அவரே கருதினார் என்கிறது மடத்துறவி பீட் 731இல் முடித்த திருச்சபை வரலாறு. மக்கள் வழக்கில் அவர் பெயர் ஆட்ரி ஆயிற்று. அக்டோபர் 17 திருநாளையொட்டி ஈலியில் கூடிய சந்தையோடு பெண்கள் கழுத்தில் கட்டும் பட்டு நாடா இணைத்துப் பேசப்பட்டது. அதுவே ‘செயின்ட் ஆட்ரி லேஸ்’. இந்த லேஸ் நாடாவே. துணியோரத்து வலைப்பின்னல் அன்று.

அகராதிக்காரரைத் தடுத்து நிறுத்துவது முதலெழுத்து. ஆட்ரிக்கு முன் டகரம் எப்படி வந்தது? ‘செயின்ட்’ என்பதன் ஈற்று ஒலி அடுத்த உயிரோடு ஒட்டிக்கொண்டது, முன்பகுதி உதிர்ந்தது. ஒரே சொல்லில் மட்டும் காட்டப்படும் ஒலிமாற்றத்தைத் தேர்ந்த தொகுப்பாளர் ஏற்பதில்லை, இணைச்சான்று கேட்பார். இங்கே அது உண்டு. லண்டனின் டூலி தெரு, செயின்ட் ஓலாவ் பெயரிலிருந்து வந்தது. செயின்ட் ஆன்டனி பெயரும் ‘டான்டனி’ எனத் திரிந்தது.

அடுத்தது கால வரிசை. ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் இடைப்பெண் மோப்சா டாட்ரி லேஸை ஆசைப்பட்டுக் கேட்கிறாள். அங்கே இகழ்ச்சி இல்லை. மலிவுச் சரக்குக்குப் பெயராகி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இகழ்ச்சிப் பெயரடையாகச் சொல் தனித்து நின்றது.

இப்படித் தேதியிட்ட மேற்கோள் சீட்டுகளை அடுக்கியே ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்போர்டு அகராதியைத் தொகுத்தார். இன்றோ பலர் துறவியின் கதையைச் சொல்லிவிட்டு நேரே இன்றைய பொருளுக்குத் தாவுகிறார்கள். இடைப்பட்ட நூற்றாண்டுகளைத் தேட அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆண்டு வரிசையும் இணைச்சான்றும் இல்லாத சொற்பிறப்பு, எத்தனை சுவையாக இருந்தாலும், அகராதியில் இடம்பெறத் தகாது.