இரண்டு கோப்பைகள்

"அம்மா, வயிறு வலிக்குது!"

2024-ஆம் வருஷம் மார்ச் மாதத்திலிருந்து சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததே இந்தக் குரலில்தான். என் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஆறாம் வகுப்பு. இந்த ஊர்த் தாய்மார்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.எல்.இ. என்று ஒரு பரீட்சை. ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம், தாய்மொழி என நான்கு பாடம். எந்த உயர்நிலைப் பள்ளி கிடைக்கும் என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இஞ்சிச் சாறு கொடுத்தேன். கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை. குழந்தை எதற்கோ பயப்படுகிறாள்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பயப்பட என்ன இருக்கிறது? மூன்று பாடத்துக்கு டியூஷன் வைத்திருக்கிறேன். படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அவளுடைய சனிக்கிழமை விளையாட்டைக்கூட நிறுத்தி விட்டேனே!

அவள் விளையாடியது டச் ரக்பி. முட்டி மோதாமல், தொட்டாலே போதும் என்கிற ரக்பி.

"ஓடிக்கிட்டிருந்த பிள்ளையக் கட்டிப் போட்டா வயிறு வலிக்காம என்ன செய்யும்?" என்றார் என் மாமியார்.

"நீங்க சும்மா இருங்க அத்தை" என்று அடக்கி விட்டேன்.

என் கணவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மே மாதம் 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலாங் தேசிய அரங்கத்துக்கு நான்கு டிக்கெட் வாங்கி வந்து நீட்டினார். உலக ரக்பி செவன்ஸ் போட்டி. பரீட்சை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே வீணா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். பாதிக்கு ஏழு நிமிஷம், இடையில் இரண்டே நிமிஷம் ஓய்வு. ஆனால் மைதானம் மட்டும் பதினைந்து பேர் ஆடும் முழு மைதானம்! பந்தைக் கையால் பின்பக்கமாகத்தான் வீசலாம், ஓடுவது முன்பக்கம். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பார்க்கிற ஆட்டம் இல்லை. கண்ணைச் சிமிட்டினால் புள்ளி போய்விடும்.

பெண்கள் பிரிவு இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவை 31-21 என்று வென்றது. என் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். எத்தனை நாளாயிற்று அவள் குரல் அப்படி எழும்பி!

ஆண்கள் பிரிவில் நியூசிலாந்தும் அயர்லாந்தும் மோதி, நியூசிலாந்து ஜெயித்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் குழப்பம். இறுதி ஆட்டத்துக்கே வராத அர்ஜென்டினாவுக்கு ஒரு பெரிய கோப்பை!

"தோத்தவங்களுக்கு எதுக்குங்க கோப்பை?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் தோத்தாங்க. வருஷம் பூரா ஜெயிச்சிருக்காங்க" என்று விளக்கினார் இவர்.

2023 டிசம்பரில் துபாயில் தொடங்கி, கேப் டவுன், பெர்த், வான்கூவர், லாஸ் ஏஞ்சலிஸ், ஹாங்காங் என்று சுற்றி, ஏழாவதாகச் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி லீக் பட்டம். கேப் டவுன், பெர்த், வான்கூவர் மூன்றிலும் தொடர்ந்து ஜெயித்த அர்ஜென்டினாவுக்கு அந்தப் பட்டம் முதல் தடவையாகக் கிடைத்தது. பெண்களில் லீக் பட்டம் நியூசிலாந்துக்கு. இது தவிர, முதல் எட்டு அணிகளும் மாட்ரிட் நகரில் ஒரே வாரக் கடைசியில் ஆடி இன்னொரு பட்டத்துக்குப் போட்டி போடும். அந்த வருஷ ஏற்பாடு அப்படி.

அதாவது வருஷத்துக்கு ஒரு கோப்பை. ஒரு நாளைக்கு ஒரு கோப்பை. இரண்டும் வேறு வேறு.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் கதையும் இதுதானே, சகோதரிகளே? ஒரு நாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டால், மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாள் சமைத்தது யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? அந்த மனத்தாங்கல் எனக்கும் உண்டு. ஆனால் என் பெண்ணிடம் நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஆறு வருஷமாக அவள் படித்த படிப்பைச் செப்டம்பர் கடைசியில் வரும் நாலைந்து நாளில் கொண்டுபோய் அடகு வைத்திருந்தேன்.

ஜூன் விடுமுறை வந்தது. மாட்ரிட் ஆட்டங்கள் ஜூன் 2-ஆம் தேதி முடிந்தன. அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே நடுராத்திரி. அன்று ஒரு நாள் மட்டும் விழித்திருக்க விட்டேன். லீக் பட்டம் வாங்கிய நியூசிலாந்துப் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கே வரவில்லை! ஆஸ்திரேலியா பிரான்ஸை 26-7 என்று வென்றது. ஆண்களில் அர்ஜென்டினா இறுதி வரை வந்து, பிரான்ஸிடம் 19-5 என்று தோற்றது.

என் பெண் அதைவிட உன்னிப்பாகக் கவனித்தது வேறொன்றை. பட்டியலில் கடைசி நான்கு இடத்தில் இருந்த அணிகள், கீழ்ப் பிரிவிலிருந்து வந்த நான்கு அணிகளோடு மாட்ரிட்டில் மோதின. எட்டில் நான்குக்குத்தான் அடுத்த வருஷம் மேலே இடம். பெண்களில் சீனா மேலே வந்தது. தென்னாப்பிரிக்கா கீழே இறங்கியது.

"பாவம்மா அவங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் கீழே போயிட்டா நீங்க அழுவீங்களாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டர் சொன்ன பயம் இதுதான். பரீட்சைக்கு இல்லை, என் முகத்துக்கு! எனக்குப் பதில் வரவில்லை. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே சில மாறுதல்கள் செய்தேன். மூன்று டியூஷன் ஒன்றாயிற்று. இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தது. சனிக்கிழமை விளையாட்டு திரும்பி வந்தது. ஒரு நோட்டில் வாரா வாரம் அவள் புதிதாகப் புரிந்துகொண்டதை மட்டும் எழுதி வைத்தோம், மார்க்கை எழுதவில்லை. அதற்கு அவள் வைத்த பெயர் "லீக் நோட்டு". வயிற்று வலி ஒரே நாளில் மாயமாகவில்லை. ஜூலையில் வாரத்துக்கு ஒரு தரம் என்றாகி, பிறகு நாங்கள் மறந்தே போனோம்.

அதே ஜூலை 30-ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அந்த நியூசிலாந்துப் பெண்கள் கனடாவை 19-12 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். மாட்ரிட்டில் விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை! "பாத்தீங்களா பாட்டி!" என்று என் பெண் குதித்ததில் அத்தையின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

பரீட்சை வந்தது. கணக்குத் தாள் அன்று அழுதுகொண்டுதான் வெளியே வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த தயிர் சாதத்தைக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆசைப்பட்ட பள்ளி கிடைக்கவில்லை. கிடைத்த பள்ளிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, காலையில் இரண்டு இட்லி கூடுதலாகவே தின்றுவிட்டு ஓடுகிறாள்.

லீக் நோட்டு இன்னும் என் அலமாரியில், புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. அது எங்கள் வீட்டுக் கோப்பை.