கரண்ட் அறைக்கு வெளியே

புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளம். தடித்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் கதிர்வீச்சு இயந்திரம். கதவின் மேல் சிவப்பு விளக்கு. வெளிப்பெஞ்சில், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்ள வந்தவர்கள் ஃபைலோடு காத்திருக்கிறார்கள்.

ஓரத்தில் நாக்குப் புற்றோடு ஒரு பெரியவர். நிமிடத்துக்கொரு மடக்குத் தண்ணீர். உதட்டோரம் புண்.

"கஞ்சிகூட எறங்கல தாயி."

"35ல 23 முடிஞ்சிருச்சுப்பா. இன்னும் 12தான்." மகள் பாட்டிலை வாங்கி மூடுகிறாள்.

வாயின் உள்தோல் இடைவிடாமல் புதுப்பித்துக்கொள்ளும் திசு. வேகமாகப் பிரியும், இன்னும் முதிராத செல்களைத்தான் கதிர் முதலில் வீழ்த்தும். 1906இல் பிரான்சின் பெர்கோனியே, ட்ரிபோந்தோ இருவரும் எலியின் விந்தகத்தைச் சோதித்துக் கண்ட விதி இது. பெரியவரின் உமிழ்நீர்ச் சுரப்பியோ அந்த விதிக்கு அடங்காதது. அதன் செல்கள் மெதுவாகவே பிரியும். ஆனாலும் முதலிலேயே வறண்டுவிடும்.

அடுத்து, மூளைக் கட்டிக்காக வந்த இளம்பெண். முக்காடு நழுவுகிறது. நீண்ட பின்னல் அப்படியே இருக்கிறது. கதிர் புகுந்த இடத்தில், காதுக்கு மேலே மட்டும் வழுக்கை. மயிர்க்கால்கள் ஓயாமல் பிரிபவை, உதிர்த்துவிட்டன. உள்ளே நரம்புச் செல்கள் பிரியாதவை, தாங்கி நிற்கின்றன. மூளைக்குச் சேதம் நேர்ந்தால் அது தெரிய மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும்.

எதிரே ஒரு பையன். லிம்ஃபோமா. அம்மா அவன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பிரியாமல் இருக்கும்போதும் சிறிதளவு கதிருக்கே மடிபவை. அவற்றிலிருந்து கிளம்பிய கட்டியும் பெரும்பாலும் சீக்கிரம் கரையும்.

பெரியவருக்கு மொத்தக் கதிரளவு 70 கிரே. நாளுக்கு 2 கிரே. கதிர் பட்ட நல்ல செல்கள் மறுநாளுக்குள் பெருமளவு தம்மைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் 35 நாளாகப் பிரித்திருக்கிறார்கள்.

விளக்கு அணைகிறது. டெக்னீஷியன் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார்.

"புண்ணு தாங்கலன்னு அந்தக்கா ஊருக்குப் போயிருச்சு சார்."

வாய்ப்புண் ஆறிவிடும். எஞ்சிய அடிச்செல்கள் வளர்ந்து சில வாரங்களில் அதை மூடும். ஆனால் விட்டுப்போன நாட்களில் எஞ்சிய புற்றுச் செல்களும் வேகமாகப் பெருகும். வலியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து உண்டு, விழுங்க முடியாதவர்க்கு மூக்குவழிக் குழாயில் உணவும் உண்டு. கரண்டை மட்டும் பாதியில் விடாதீர்கள்.