‘அண்ணா, ஆன்சர் அனுப்புங்க!’

ஒரகடம் அரசு ஐ.டி.ஐ-யில் 2023 ஜூனில் தொழில் 4.0 மையம் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐ.டி.ஐ, டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளிடம் இன்று அடிக்கடி கேட்கும் வார்த்தை, ‘பி.எல்.சி’. கார் தொழிற்சாலை மெஷின்களுக்கு எப்போது ஓடணும், எப்போது நிற்கணும் எனக் கட்டளையிடும் குட்டி கம்ப்யூட்டர் அது.

பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும். கையை எடுத்தாலும் ஓட வேண்டும். சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். முதல் ஹோம்வொர்க்கே பெரும்பாலும் இதுதான். ராத்திரி பத்து மணிக்கு சீனியருக்கு வாட்ஸ்அப் பறக்கும்: ‘அண்ணா, ஆன்சர் அனுப்புங்க!’

பதில் வரும், மார்க்கும் வரும். ஆனால், லேபில் மோட்டார் கிளம்பாது. காரணம், சிவப்பு பட்டன் அழுத்தாதபோதும் அதன் வழியே மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய புரோகிராம் அதைக் கணக்கில் எடுத்திருக்காது.

அவசரத்தில் ஒயரை மாற்றிப் போட்டால் மோட்டார் ஓடிவிடும். ஆபத்தும் அங்கேதான். சரியான இணைப்பில், ஒயர் அறுந்தால் மெஷின் தானாக நிற்கும். மாற்றிப் போட்டதில் ஒயர் அறுந்தால், சிவப்பு பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. உள்ளே ஒரு தொழிலாளியின் கை இருக்கலாம்.

உதவி கேட்பதில் தப்பே இல்லை, தம்பி, தங்கைகளே. ‘அனுப்புங்க’ என்பதோடு, ‘ஏன் இப்படி?’ என்றும் கேளுங்கள்!